பெண்களுக்குத் தராத மாத்திரை

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் உடம்பு மோசமானது என்று சொல்லி, தொழுநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கு இரண்டு கையும் மடங்கிவிட்டது. அவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இப்போது எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவது வரைக்கும். டாக்டர் எனக்குச் சொன்னதையும் என் உடம்பில் நான் பார்த்ததையும் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. பாடாலூருக்குப் பக்கத்தில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் திருச்சி ரோட்டின் ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் நிறுத்துகிற இடம் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. அவருடைய அக்கா அஞ்சலை எங்களோடுதான் இருந்தார். புருஷன் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். வீட்டில் நாங்கள் மூன்று பேர். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. முதலில் கோயில் கோயிலாகப் போனோம். பிறகு அதையும் விட்டுவிட்டோம்.

நான் வெங்காயக் களத்துக்கு வேலைக்குப் போவேன். எங்கள் பக்கம் சின்ன வெங்காயம்தான் வெள்ளாமை. அரிவாள்மணை முன்னால் வரிசையாக உட்கார்ந்து தாளையும் வேரையும் அறுத்துத் தள்ள வேண்டும். ஒருநாள் பக்கத்தில் இருந்தவள், "ஏ தைலம்மை, என்னாடி வெங்காயமெல்லாம் ரத்தமா கெடக்கு?" என்று கத்தினாள். பார்த்தால் என் சுண்டுவிரலில் ஆழமான வெட்டு. வெள்ளையாக உள்சதை தெரிந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. வேலை செய்து செய்து கை மரத்துவிட்டது என்று நினைத்தேன். துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வெங்காயத்தையும் அறுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

காதை முதலில் கவனித்தவர் என் வீட்டுக்காரர்தான். "காது ஏன் இப்படித் தடிச்சு மினுமினுங்குது? எண்ணெ எதுவும் தடவுனியா?" என்றார். புருவமும் ஓரத்தில் உதிர்ந்திருந்தது. மறுவாரம் என்னைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்.

அங்கே ஒருவர் என் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரியாக்கிக் கையிலும் காலிலும் தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். பல இடங்களில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. முழங்கையின் உள்பக்கத்து எலும்புக்குப் பின்னால் அழுத்தியபோது மட்டும் சுரீர் என்றது. அங்கே நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றார். பிறகு காது மடலை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, பிளேடு முனையால் சின்னதாகக் கீறி, சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டார். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி தெரியுமாம்.

கிருமி நிறையவே தெரிந்தது. அங்கிருந்த டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இந்தக் கிருமி உள்ளே வந்ததும் சில பேருடைய உடம்பு அதை எதிரி என்று கண்டுகொண்டு எதிர்க்கும். அவர்களுக்கு ஒன்றிரண்டு தேமலோடு நின்றுவிடும். சில உடம்புக்கு அதை அடையாளமே தெரியாது. வந்தவனைச் சும்மா விட்டுவிடும். கிருமி பெருகி உடம்பு முழுக்கக் குடியேறிவிடும். என் உடம்பு இந்த இரண்டாவது ரகம்.

வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று, பல வருஷம் சாப்பிட வேண்டும் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டேன். காதுத் தடிப்பு குறைந்தது. முகத்தில் பழைய களை வந்தது. அஞ்சலை அண்ணி மட்டும் எனக்கு எதைக் கொடுத்தாலும் கீழே வைத்துவிட்டு விலகுவார், நான் எடுத்துக்கொள்வேன். கோபமாகச் செய்யமாட்டார். பயம். தட்டில் எனக்கு ஒரு கரண்டி அதிகமாகத்தான் வைப்பார், ஆனால் கை பட்டுவிடாமல் வைப்பார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் குளிர் காய்ச்சல் வந்தது. விடிந்து பார்த்தால் கை, தொடை, முகம் எல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள். சுண்டைக்காய் அளவில் இருந்தன. சேலை உரசினாலே உயிர் போனது. முழங்கால் வீங்கியது. முழங்கை நரம்பில் யாரோ கம்பியைக் காய்ச்சி இழுப்பது போல வலி. ஒரு வருஷமாக நன்றாகத் தேறிவந்த உடம்பு ஒரே வாரத்தில் இப்படி ஆனதும் வீட்டில் எல்லோரும் மாத்திரையைத்தான் குற்றம் சொன்னோம்.

"மருந்து ஒத்துக்கலடா. அதத் தூக்கிப் போடு" என்றார் அண்ணி தம்பியிடம். நானும் போட்டுவிட்டேன். நிறுத்திய பிறகும் கட்டிகள் வந்துகொண்டேதான் இருந்தன. ஒருநாள் காலையில் வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கமாக மடங்கி நின்றன. நிமிர்த்தப் பார்த்தேன், முடியவில்லை. அன்றைக்குப் பயந்ததுபோல நான் அதற்கு முன் பயந்ததில்லை.

அரியலூர்ப் பக்கம் தொழுநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. பெயரை எழுதவில்லை. பெரம்பலூருக்குப் போய், அங்கிருந்து அரியலூர் பஸ் பிடித்துப் போனோம். பஸ்ஸில் என் முகத்துக் கட்டிகளைப் பார்த்த ஒரு அம்மா, அம்மையோ என்று பயந்து குழந்தையை மடியில் இழுத்து மூடிக்கொண்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஒரு பக்கம், ஆண்கள் வார்டு ஒரு பக்கம், நடுவில் வேப்பமரங்கள். சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் என் கூலி நின்றது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்க வருகிற நாளெல்லாம் கடை மூடிக் கிடந்தது. அதுதான் எங்களுக்கு ஆன செலவு.

அங்கிருந்த டாக்டர் நடுத்தர வயசுக்காரர். அவசரப்படாமல் பேசுவார். நான் முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"மாத்திரை சாப்புட்டுத்தாங்க சார் இப்படி ஆயிடுச்சு. அது எனக்கு வெஷமா மாறிடுச்சுங்களா?"

"இல்லம்மா. மாத்திரை அது வேலைய செஞ்சிருக்கு. கிருமி செத்துக்கிட்டு இருக்கு. ஆனா செத்த கிருமி எங்க போவும்? ஒடம்புக்குள்ளயேதான் கெடக்கும். அது ஒடைஞ்சு ரத்தத்துல கலக்கும்போது, இத்தன நாள் சும்மா இருந்த ஒன் ஒடம்பு இப்பத்தான் அத எதுத்துக் கிளம்புது. அந்த எதிர்ப்புதான் இந்தக் காய்ச்சல், கட்டி, நரம்பு வலி எல்லாம்."

"செத்ததப் போயி எதுக்கு எதுக்கணும்?"

அவர் சிரித்தார். "அது ஒடம்புக்குத் தெரியலையே" என்றார்.

"அப்ப மாத்திரைய நிறுத்துனது தப்புங்களா?"

"தப்புதான். நிறுத்துனா கட்டி நிக்காது. மிச்சம் இருக்கிற கிருமி மட்டும் தப்பிச்சுக்கும். இதுக்கு நாங்க ரியாக்‌ஷன்னு சொல்லுவோம். கிருமியக் கொல்ல ஒரு மருந்து, ஒடம்போட கோவத்த அடக்க ஒரு மருந்து. ரெண்டும் வேணும்."

கோபத்தை அடக்குகிற மருந்து ஸ்டீராய்டு மாத்திரை. அது மாயம் போல வேலை செய்தது. மூன்றாம் நாள் கட்டிகள் அமுங்கின. கையைப் பலகையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். விரல் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மொத்தமாக அடக்கிவிடும். வேறு நோய் எது வந்தாலும் தடுக்க ஆளிருக்காது. ரொம்ப நாள் கொடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை வரும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். எனக்கு முகம் உப்பிப் பூசணிக்காய் ஆனது. எந்நேரமும் பசித்தது. அண்ணி பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் செய்து தம்பியிடம் கொடுத்துவிடுவார். அண்ணி மட்டும் ஒருமுறைகூட என்னைப் பார்க்க வரவில்லை.

பொங்கலுக்கு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் போல இருந்தேன். ஸ்டீராய்டின் அளவைக் குறைத்ததும் மாசியில் மறுபடியும் கட்டிகள் கிளம்பின. மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை டாக்டர் வேறு மாதிரி யோசித்தார்.

"இத வச்சே காலத்த ஓட்ட முடியாது. இன்னொரு மருந்து இருக்கு. அது கிருமியையும் கொல்லும், ரியாக்‌ஷனையும் அடக்கும். ஆனா மெதுவாத்தான் பிடிக்கும், சில வாரம் ஆவும். ஒடம்பு கறுத்துப் போவும். பரவாயில்லையா?"

"அது எப்படிங்க ஒரே மருந்து ரெண்டு வேலையும் செய்யுது?"

"முழுசா எங்களுக்கும் தெரியாதும்மா. செய்யுதுன்னு தெரியும்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை எனக்குப் பிடித்துப்போனது.

மாத்திரை செங்கறுப்பாக இருந்தது. சில வாரத்தில் என் வேர்வை சிவந்தது. வெள்ளை ரவிக்கையின் கக்கத்தில் காவிக் கறை. அழுதால் கண்ணீரிலும் லேசாகச் சிவப்பு. தோல் வறண்டு மீன் செதில் மாதிரி ஆனது. ஏற்கெனவே மாநிறம், இப்போது சுட்ட செங்கல்லில் கரியைப் பூசியதுபோல ஒரு நிறம். அதெல்லாம் பெரிதில்லை. பெரிது என்னவென்றால், ஸ்டீராய்டைக் குறைத்தாகிவிட்டது, புதிய மருந்து இன்னும் பிடிக்கவில்லை. இடைப்பட்ட அந்த வாரங்களில் நான் பட்ட வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. போர்வை மேலே பட்டால் கத்துவேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் தூங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். யாரும் என்னைத் திட்டியதில்லை.

ஆண்கள் வார்டில் இதே கட்டிகள் வந்தவர்களுக்கு வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் இரண்டாம் நாளே எழுந்து வேப்பமரத்தடியில் நடப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எங்கள் வார்டு நர்ஸ் ரோஸ்லின் சிஸ்டரிடம் கேட்டேன்.

"அது பொம்பளைங்களுக்குக் கிடையாது" என்றார் சிஸ்டர்.

"ஏன், பொம்பளைக்கு மட்டும் வலிக்காதா?"

அதை அவர் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டரே வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"அந்த மாத்திரையும் ஒடம்போட கோவத்தத்தான் அடக்குது, தைலம்மை. இந்தக் கட்டிக்கு அத மாதிரி வேற மருந்து இல்ல. ஆனா வயித்துல புள்ள உருவாகுற நேரத்துல தாய் அத சாப்புட்டா, புள்ளைக்குக் கை கால் வளராது. தோள்லேருந்து நேரா விரல் மொளைச்ச மாதிரி பொறக்கும். வெளிநாட்டுல தூக்கத்துக்குன்னு அதக் குடுத்து, ஏகப்பட்ட புள்ளைங்க அப்படிப் பொறந்துடுச்சு. ஒரே ஒரு மாத்திரை போதும். அதனால புள்ள பெக்குற வயசுல இருக்கிற யாருக்கும் நான் குடுக்குறதில்ல."

"எனக்குத்தான் புள்ளையே பொறக்கலையே சார்."

"இருந்தாலும் குடுக்க மாட்டேன்" என்றார்.

அப்போது எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. இல்லாத பிள்ளைக்காக இருக்கிற நான் வலியில் சாக வேண்டுமா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் என் வீட்டுக்காரர் வருவார். வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் ஆண்கள் வார்டுப் பக்கமும் போய்ப் பேசிக்கொண்டிருப்பார். அங்கே அருளப்பன் என்று ஒருவர் இருந்தார். வரதராஜன்பேட்டைக்காரர், ஐம்பது வயசு இருக்கும். எனக்கு வந்த அதே கட்டிகள்தான் அவருக்கும். பெண்கள் வார்டிலிருந்து நான் கத்துவது அவர் கட்டில் வரைக்கும் கேட்கும் என்று பின்னால் சொன்னார்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. என் வீட்டுக்காரர் வந்தார், சுற்றிலும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னாங்க இது?"

"அந்த மாத்திரதான். அருளப்பண்ணன் குடுத்தாரு. அவருக்கு ரெண்டு ரெண்டாக் குடுக்குறாங்களாம். ஒண்ண முழுங்கிட்டு ஒண்ண ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்காரு. அந்தத் தங்கச்சி படுற பாட்டக் காதால கேக்க முடியலன்னு சொன்னாரு."

"இது பொம்பளைங்களுக்கு ஆவாதுன்னு டாக்டரு சொன்னாரே."

"வயித்துல புள்ள இருந்தாத்தான் ஆவாதாம். அவரும் அதக் கேட்டாரு. எங்க வூட்டுல அப்படி எதுவும் இல்லண்ணன்னு சொல்லிட்டுத்தான் வாங்கியாந்தேன். இந்தா, முழுங்கு."

டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். பஞ்சர் ஒட்டி ஒட்டி விரல் இடுக்கெல்லாம் கறுப்பேறிய கை. நான் வலியில் கிடப்பதை வாராவாரம் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் பஸ் ஏறிப் போகிற மனுஷர். இந்தத் தடவை ஏதோ ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்.

மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். சத்தியமாக முழுங்கத்தான் போனேன். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது தலைக்குளியல் ஞாபகம் வந்தது. மாதவிலக்காகி நான் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது? மார்கழியில். அதற்குப் பிறகு தையில் இல்லை, மாசியில் இல்லை. காய்ச்சலும் மருந்துமாகக் கிடந்ததில் அது நின்றதே ஒரு தொல்லை விட்டது என்று இருந்துவிட்டேன். ஆறு வருஷமாக இல்லாதது இப்போதா வரப்போகிறது என்ற நினைப்பில் எண்ணிப் பார்க்கவே இல்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏன், என்னா ஆச்சு?"

"நான் பொங்கலுக்கு வூட்டுக்கு வந்தேனே... அதுக்கப்புறம் தலைக்கு ஊத்திக்கலங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அப்புறம் என் கையிலிருந்த மாத்திரையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். பாம்புக்குட்டியைப் பிடுங்குவது மாதிரி பிடுங்கினார். "ஒண்ணும் முழுங்கலையே? வாயத் தொற, பாப்போம்" என்றார். நான் வாயைத் திறந்து காட்டினேன். அப்படியும் அவர் நம்பவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, கொண்டுவந்த நான்கு மாத்திரையும் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அவரே போய் டாக்டரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். டாக்டர் அதை வாங்கி, எண்ணிப் பார்த்து மேசையில் வைத்தாராம். திட்டுவார் என்று பயந்து நின்ற என் வீட்டுக்காரரிடம், "நல்ல நேரம்யா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என் சிறுநீரைத் திருச்சிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. குழந்தை இருந்தது.

அன்று சாயங்காலம் அருளப்பன் பெண்கள் வார்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வர ஆண்களுக்கு அனுமதி இல்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"தங்கச்சி, நான் நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா குடுத்தேன். மாதா மேல சத்தியமா."

"தெரியுங்கண்ணே. நீங்க ஒங்க வலியப் பொறுத்துக்கிட்டு எனக்குக் குடுத்தீங்க. எனக்கு ஒண்ணும் ஆவல. போயி மாத்திரைய ஒழுங்கா ரெண்டும் முழுங்குங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த மாத்திரையை ஒவ்வொருவரும் நர்ஸ் முன்னால் முழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஆனது.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். கர்ப்பத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னைத் தானே மாற்றிக்கொள்ளுமாம். பாதிக்குப் பாதி அந்நியமான ஓர் உயிரை உள்ளே வைத்துக் காப்பாற்ற வேண்டுமே, அதற்காக. ஆனால் பிரசவம் ஆனதும் அது பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது ரியாக்‌ஷன் பலமாக வரலாம். "கை நரம்பு ஏற்கெனவே அடி வாங்கியிருக்கு. இன்னொரு தடவ பலமா வந்தா விரல் திரும்பாமயே போவலாம். புள்ள வேண்டாம்னாலும் இப்ப வழி இருக்கு. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "கை ஒன்னோடது. நீ சொல்லு" என்றார்.

"விரல் மடங்குனா மடங்கட்டும் சார். புள்ள இருக்கட்டும்" என்றேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். வாயில் அதுதான் வந்தது.

வைகாசி வாக்கில் அந்தச் செங்கறுப்பு மாத்திரை பிடிக்க ஆரம்பித்தது. கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. காய்ச்சல் விட்டது. ஸ்டீராய்டைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டார்கள். வயிறு பெரிதாகப் பெரிதாக நான் கறுத்துக்கொண்டே வந்தேன். வாரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் என் முழங்கை நரம்பை அமுக்கிப் பார்ப்பார், விரலை விரிக்கச் சொல்வார். வெந்நீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் போட்டு, விரல்களைத் தொடைமேல் வைத்து நீவி நீட்டிப் பழக வேண்டும். இதெல்லாம் பெரிய வைத்தியமாகத் தோன்றாது. ஆனால் என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இன்றைக்கு நேராக இருப்பது இதனால்தான்.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. வலியெல்லாம் அடங்கியதும் நான் கேட்டது, "கை கால் இருக்கா சிஸ்டர்?" என்றுதான். மாத்திரையை நான் முழுங்கவில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"எல்லாம் இருக்கு. ஒதைக்கிற ஒதையப் பாரு" என்று தூக்கிக் காட்டினார். குழந்தை செம்புப் பாத்திரத்தைப் புகையில் காட்டியதுபோல இருந்தாள். கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. நான் சாப்பிட்ட மாத்திரையின் நிறம் அவளுக்கும் இறங்கியிருந்தது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, போகப் போக வெளுத்துவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தும் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

பிரசவமாகிச் சில வாரத்தில், டாக்டர் பயந்தபடியே நரம்பு வலி திரும்ப வந்தது. முன்னைப் போலக் கட்டிகள் மொய்க்கவில்லை, காய்ச்சலும் லேசுதான். ஆனால் வலது கையின் அதே இரண்டு விரல்கள் மறுபடியும் மடங்கின. ஸ்டீராய்டை ஏற்றிக் கொடுத்தும் அவை முழுசாக நிமிரவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன. வெங்காயம் அறுக்கப் பிறகு நான் போகவில்லை. பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டோம். அதில் சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடக்கூடாது என்பது எனக்குச் சட்டம். அந்த விரல்களுக்குச் சூடு தெரியாது.

மாசியில் குழந்தையோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் பார்க்க வந்தவர்கள் குழந்தையின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தாயோடது புள்ளைக்கும் வந்துடுச்சு" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மருந்தின் நிறம் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். யார் கேட்டார்கள்? அஞ்சலை அண்ணி உள்ளேயிருந்து வந்தார். குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என் கையில் படாமல்தான் வாங்கினார். ஆனால் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "எங்க வூட்டுப் புள்ள எந்த நெறமா இருந்தா ஒங்களுக்கு என்னாடி? போங்க, போயி ஒல கொதிக்குதான்னு பாருங்க" என்றார்.

அன்று முதல் தினமும் காலையில் அண்ணிதான் குழந்தையைக் குளிப்பாட்டினார். கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டுத் தேய்ப்பார். மாவு தேய்த்தால் நிறம் போகும் என்று அவருக்கு நம்பிக்கை. அது தோலில் ஒட்டியதில்லை அண்ணி, ரத்தத்தில் கலந்தது, நான் பால் கொடுக்கிறவரைக்கும் போகாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டரு புள்ள குளிப்பாட்டுனாரா?" என்று கேட்டார்.

குழந்தை நடக்கத் தொடங்கினாள். பாலை மறக்கடித்தோம். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வெளுத்தது, பிறகு வயிறு, கடைசியில் கால். ஒருநாள் காலை வெயிலில் குளித்து நின்றபோது பார்த்தால், அப்பனைப் போலவே நல்ல மாநிறம். அண்ணி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒரே பெருமை.

"பாத்தியாடி? நான் சொன்னேன்ல?"

"ஆமாங்கண்ணி. நீங்க சொன்னீங்க" என்றேன்.

எனக்கு மாத்திரை இன்னும் நிற்கவில்லை. நான் கறுப்பாகவே இருந்தேன். அண்ணி குழந்தையைத் துண்டில் சுற்றி வாசலில் இருந்த தம்பியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கிண்ணத்தில் கொஞ்சம் பயத்தமாவு மிச்சம் இருந்தது.

"ஒனக்கு எப்பப் போவும்?"

"மாத்திரை நிறுத்துனப்புறம் போவும்னாங்க. ஒரு வருசம் ஆவலாம்."

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து குளிக்கிற கல்லைக் காலால் இழுத்துப் போட்டார்.

"வந்து திரும்பி ஒக்காரு."

நான் உட்கார்ந்தேன். முதுகில் தண்ணீர் விழுந்தது. அப்புறம் மாவோடு அவருடைய கை. வேலை செய்து காய்த்துப்போன, சொரசொரப்பான கை. என் உடம்பில் முதுகுப் பக்கம் மட்டும் உணர்ச்சி குறையவே இல்லை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

"வலிக்குதாடி?" என்றார்.

"இல்லண்ணி. இன்னும் அழுத்தியே தேயுங்க" என்றேன்.